இருபத்தொரு ஜன்னல் வேண்டுதல்

அபிதகுஜாம்பாள் மாமியிடம் வந்த செய்தி அவளிடமே தங்கியதாகச் சரித்திரம் கிடையாது. முப்பத்தோரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்துக் குரலை அந்தப் பக்கம் சேர்த்துவிடுவதே வேலையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. போன் 'டிங்' என்றால் போதும், விரல் தானாக அம்புக்குறியைத் தேடும்.

இதற்காக அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரே அப்படித்தான். 2015 டிசம்பரில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, மொட்டை மாடியில் நின்றவர்களுக்குப் படகு வந்து சேர்ந்தது யாரோ யாருக்கோ தள்ளிவிட்ட ஒரு வாட்ஸ்அப் செய்தியால்தான். அன்றைக்கு அந்தத் தெருவில் ஆரம்பித்த குழுவுக்குப் பெயர் 'படகு'. தண்ணீர் வடிந்துவிட்டது, படகு வடியவில்லை. இன்றைக்கும் அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காணாமல் போன நாய், ரத்தம் தேவை, நாளை மின்தடை, எந்தக் கோயிலில் என்றைக்குப் பால்குடம், எந்தத் தேவாலயத்தில் என்றைக்கு உபவாச ஜெபம், எல்லாம் அதில் ஏறும். வந்ததை யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளுவது அங்கே ஒரு தர்மம். அந்தத் தர்மத்துக்கு அட்மின் நம் மாமி.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல்லாவரத்திலிருக்கும் பழைய சிநேகிதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். படம் இன்னும் இறங்காமல் மங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது: 'இந்தப் பெண் யாரென்று தெரிந்தால் உடனே பெற்றோருக்குச் சொல்லவும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, எச்சரிக்கை! அனைவருக்கும் பகிரவும்.'

மாமி எழுத்தைப் படித்தாள். கையெல்லாம் வெண்டைக்காய்க் கொழகொழப்பு என்பதால், சுத்தமாக இருந்த சுண்டுவிரலால் அம்புக்குறியை அழுத்தினாள். படகு. அனுப்பு. "யார் பெத்த பொண்ணோ, பாவம்" என்று ஒரு பெருமூச்சும் விட்டாள். பெருமூச்சு உண்மையானது. அதுதான் சங்கடமே.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இந்தக் கதை சொல்லப்போவதில்லை. ஒரு சிறுபெண் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். யாருக்குமே போயிருக்கக் கூடாத படம். முகம் அதில் இல்லை. இதற்கு மேல் தெரிந்துகொள்ள நமக்குத் தேவையில்லை. முடிச்சூருக்கும் தேவை இருந்திருக்கவில்லை.

ஆனால் பதினொரு மணிக்குப் படகில் வைத்தீஸ்வரன் ஏறினார். இருபத்திரண்டு வீடுகள் கொண்ட அவர்களுடைய குடியிருப்புக்குச் சங்கத் தலைவர். ரயிலில் முப்பத்தைந்து வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கழிவறைக்குள் ஒளிந்திருப்பவனைக் கதவைத் தட்டாமலே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அவர் அந்தப் படத்தில் பின்னால் தொங்கிய திரைச்சீலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். மஞ்சள் துணியில் பச்சைக் கிளிகள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது.

'இந்தத் திரையை நம் குடியிருப்பில் எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொசு ஆய்வுக்கு வரும்போது கண்டுபிடித்துவிடுவேன். பெற்றோருக்குத் தெரிவிப்பது நம் கடமை' என்று எழுதியிருந்தார். கீழே நாற்பது கட்டைவிரல்கள்.

மாமியும் ஒரு கட்டைவிரல் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ரவிக்கை வாங்கக் கீழே இறங்கினாள். கீழ்த்தளத்தின் பின்பக்க வீட்டில் ரோஸி தையல் மெஷினில் குனிந்திருந்தாள். அவள் புருஷன் தாவீது சரக்கு லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு பெங்களூர்ப் பக்கம் போயிருந்தான். ரோஸி படகிலிருந்து போன வருடமே இறங்கிவிட்டாள். 'தெக்கிறப்ப போன் கத்திச்சுன்னா ஊசி விரல்ல ஏறுது' என்பது அவள் சொன்ன காரணம். தையல் விளம்பரம் போடுவதற்காக அவளுடைய மகள் ஜீவிதாவின் எண் மட்டும் படகில் இருந்தது.

"வாங்க மாமி. கொக்கி மட்டும்தான் பாக்கி, ரெண்டு நிமிசம். உள்ள ஃபேன் கீது, போய் குந்துங்க. ஜீவிதாவும் உள்ளதான் கீறா. வவுத்து வலியாம், ஸ்கூலுக்குப் போவல."

மாமி உள்ளறைக்குள் போனாள். ஜன்னலில் மஞ்சள் திரை தொங்கியது. மாமி கிளியைப் பார்த்தாள். கிளி அவளை ஒன்றரைக் கண்ணால் பார்த்தது.

கட்டிலில் ஜீவிதா தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. போனைக் குப்புறப் போட்டிருந்தாள். வெளியே மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் வரும்வரை காத்திருந்துவிட்டு, மெல்லச் சொன்னாள்:

"நீங்கதானே மாமி அனுப்புனீங்க."

மாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான்தான்டி" என்றாள். பெண் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பதினெட்டு வாசகங்கள், பூப்படத்தோடு, அவள் போனில் இருந்தன. அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அதற்காகப் பிற்பாடு அவள் தினமும் அம்பாளுக்கு நன்றி சொன்னாள்.

வாசகம் வராததால் ஜீவிதாவுக்குப் பேச இடம் கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சிநேகிதி இணையத்தில் கிடைத்தாள். பெயர் தான்யா, நாவலூரில் அடுக்குமாடி வீடு, பதினொன்றாம் வகுப்பு, நாய்க்குட்டிப் படம் வரைவாள். அப்படித்தான் சொன்னாள். இவள் வரைந்ததையெல்லாம் பாராட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாள், 'நானும் அனுப்பறேன், நீயும் அனுப்பு' என்றாள். இவள் அனுப்பிய மறுநாளே தான்யா ஆணாகிவிட்டாள். இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் ஊரெல்லாம் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டல். ஜீவிதா பயந்துபோய் அந்தக் கணக்கைத் தடுத்துவிட்டாள். அதோடு போயிற்று என்று நினைத்திருந்தாள்; ஆனாலும் பயம் விடாமல் அன்று காலை வயிற்று வலி என்று படுத்துவிட்டாள்.

"அவனுக்கு என் ஊரே தெரியாது மாமி. நான் சொல்லவே இல்ல. எங்கயோ ஏதோ குரூப்புல போட்டான் போல. அங்கேருந்து ஒவ்வொருத்தரா அனுப்பி, நல்லவங்களா அனுப்பி..." அவள் தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை அந்த சார் டார்ச் லைட்டோட வருவாரு. கர்ட்டனப் பாப்பாரு. குரூப்புல போடுவாரு. அப்புறம் நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன். எங்கயுமே போமாட்டேன்."



"இப்பவே குரூப்புல எல்லாரும் அழிங்கோன்னு போடறேன்" என்று மாமி போனை எடுத்தாள்.

"ஐயோ வேணாம்! அழிங்கன்னு போட்டா, இதுவரைக்கும் பாக்காதவங்களும் தேடிப் போய்ப் பாப்பாங்க."

சரிதான்.  'எல்லோருக்கும் நீக்கு' என்ற பொத்தானை ஜீவிதா காட்ட, மாமி தான் அனுப்பியதை நீக்கினாள். அட்மினாக இருப்பதால் மற்றவர்கள் போட்டதையும் நீக்க முடியும் என்று தெரிந்ததும், வைத்தீஸ்வரனின் கிளிப் படத்தையும் சத்தமில்லாமல் தூக்கினாள். பல்லாவரத்துச் சிநேகிதியைக் கூப்பிட்டு, "நீ அனுப்பினியே, அது ஒரு குழந்தையோட படம்டி, உன் போன்லயும் வேண்டாம், உனக்கு அனுப்பினவா போன்லயும் வேண்டாம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "நானும் எழுத்தைத்தான் படிச்சேன் அபிதா" என்று ஈனக்குரல் வந்தது.

அடுத்து 1098. குழந்தைகள் உதவி எண். பேசிய பெண்ணிடம் மாமி எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, நானும் குற்றவாளி. நான் எங்க வந்து கையெழுத்துப் போடணும்?" என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "முதல்ல குழந்தை பக்கத்துல இருக்காளா, அவகிட்ட போனைக் குடுங்க" என்றாள்.

ஜீவிதா பேசியதில் பாதி 'ம்', பாதி அழுகை. மிரட்டியவனுடைய கணக்கின் பெயரையும் அவன் எழுதியதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், புகார் பதிவாகும், சைபர் குற்றப் பிரிவிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்து பேசுவாள் என்றாள் அந்தப் பெண். படத்தை யாருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டியதில்லை. ஜீவிதாவின் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண்ணை உண்டாக்கி, அந்த எண்ணை மட்டும் பதிந்துவிட்டால், அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் தலைகாட்டும்போது பிடித்து நீக்கிவிடுவார்கள். ஜீவிதா அதை அப்போதே செய்தாள். கடைசியாக அந்தப் பெண், "உன் மேல தப்பு இல்லம்மா. அம்மாகிட்ட சொல்ல நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டாளாம்.

தேவைப்படவில்லை. மெஷின் எப்போதோ நின்றிருந்தது. ரோஸி கதவில் சாய்ந்து நின்றாள். கையில் மாமியின் ரவிக்கை, பாதிக் கொக்கியோடு.

மாமி எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். ஒருவேளை அடி விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று. நியாயமும் அதுதான்.

ரோஸி கையை ஓங்கத்தான் ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். "காலீல இருந்து ஒண்ணும் துன்னலியேடி நீ" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே போய் ரசம் சோறு பிசைந்து வந்தாள். தாவீதுக்குப் போன் போட்டு அதே அழுகையில் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாப்பா சாப்ட்டாளா?"

சாப்பாடு இறங்கியதும் மூளையும் வேலை செய்தது.

"கர்ட்டனைக் கழட்டிடலாம்" என்றாள் மாமி.

"எப்டி மாமி? அளவு குடுக்க வர்ற பொம்பளைங்க அல்லாரும் பாத்துக்கீறாங்க. இன்னிக்கிக் கழட்டுனா, இன்னாத்துக்குக் கழட்டுனன்னு நாளைக்குக் கேப்பாங்க." ரோஸி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கிளியை முறைத்தாள். கிளியும் முறைத்தது. "ஒரு வூட்ல இருந்தாத்தானே அந்தாளு கண்டுபுடிப்பாரு? அல்லா வூட்லயும் இந்தக் கிளி தொங்குச்சுன்னா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ஜீவிதாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்ததும் மாமி தீர்மானித்துவிட்டாள். குடியிருப்பில் இருபத்திரண்டு வீடு. ரோஸி வீடு போக இருபத்தொன்று.

ஒரே ஒரு இடைஞ்சல். மாமி பொய் சொல்ல மாட்டாள். என்ன காரணம் சொல்லி வீடு வீடாகத் திரை கொடுப்பது? அன்று மாலை விளக்கேற்றிவிட்டுப் பிள்ளையார் முன்னால் நின்றாள். "அந்தக் குழந்தை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகணும். போனா இருபத்தொரு ஜன்னலுக்குத் திரை போடறேன். காரியம் நடந்தப்புறம் செய்யறதுதான் முறை. ஆனா இதுல முன்னாடியே செஞ்சாத்தான் காரியம் நடக்கும். நீ கொஞ்சம் அனுசரிச்சுக்கோ" என்று வேண்டிக்கொண்டாள். ஆயிற்று. இனிமேல் யார் கேட்டாலும் 'எனக்கு ஒரு வேண்டுதல்' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சத்யநாராயணன் நிமிர்ந்தார். "எந்தப் பிள்ளையாருக்குடி ஜன்னல் திரை வேண்டுதல்?"

"இருபத்தொரு கொழுக்கட்டை பண்ணினா மட்டும் கேள்வியே கேக்காம சாப்பிடறேளே!"

அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. மாமியும் ரோஸியும் தாம்பரத்தில் ரயிலேறிப் போய் இறங்கினார்கள். பழைய இரும்பு, பூச்செடி, புறாக்கூண்டு, உடைந்த ஃபேன் எல்லாம் தாண்டி, ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட துணிகளைத் தார்ப்பாயில் குவித்து விற்கும் ஜெயவேலுவைத் தேடிப் பிடித்தார்கள். ரோஸி கிறிஸ்துமஸுக்கு வாங்கியது அவனிடம்தான்.

"மஞ்சத் துணி, கிளி போட்டது, இன்னும் கீதாண்ணா?"

"ஒன்றக்கண்ணு கிளியா?" ஜெயவேலு சலித்துக்கொண்டான். "அத்த இன்னாத்துக்குக் கேக்கற? முழுத் துணிக் கட்டும் அப்டியே கீது. எவனும் கைல தொடமாட்றான். அச்சு அடிக்கசொல்ல கண்ணு நவுந்துபோச்சு. பாக்கறவனுக்குத் தல சுத்துதாம்."

"முழுசா குடுங்கோ" என்றாள் மாமி.

"முழுசாவா?"

"முழுசா."

"வெல கேக்கலியே மாமி நீ."

"சொல்லுங்கோ, தரேன்."

ஜெயவேலுவின் முகம் மாறியது. அந்தச் சந்தையில் பேரம் பேசாமல் பொருள் வாங்கிய பெண்மணியை அவன் பார்த்ததே இல்லை. "இன்னா மேட்டர் மாமி? கல்யாண மண்டபத்துக்கா? போலீசு கீலீசு ஏதாவது பேஜாரா? அப்பறம் என்னிய இஸ்தாந்து உட்ராத" என்றவன், பயத்தில் தானாகவே விலையைக் குறைத்துக் கட்டிக் கொடுத்தான். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் இப்படியெல்லாம்தான் நடக்கும் என்று மாமி நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம்வரை ரோஸியின் மெஷின் ஓடியது. ஜீவிதா துணி வெட்டினாள். சத்யநாராயணனைக் கீழே இறக்கி வளையம் கோர்க்க உட்கார வைத்தார்கள். எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கிளிகளைப் பார்த்து ஒருமுறை மட்டும், "இதுகளுக்குக் கண்ணாடி போடணும் போலிருக்கே" என்றார். ஜீவிதா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். ரோஸி மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

நடுவில் சனிக்கிழமை காலை, சுடிதாரில் ஒரு பெண் போலீஸ் வந்து, அளவு கொடுக்க வந்தவள் மாதிரியே உட்கார்ந்து, ஜீவிதாவிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். போகும்போது, "அவன்கிட்ட இன்னும் எத்தனை பிள்ளைங்க மாட்டியிருக்கோ. நீ பேர எடுத்து வெச்சிருக்கியே, அதுங்களுக்கும் சேர்த்துத்தான் உதவி பண்ணியிருக்க" என்று சொன்னாள்.

மாலையில் மாமி படியேறினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மேலே மடித்த திரை.

"எனக்கு ஒரு வேண்டுதல். இதை இன்னிக்கே உங்க வீட்டு ஜன்னல்ல மாட்டணும். ஹாலோ பெட்ரூமோ, உங்க இஷ்டம்."

வெற்றிலையோடு வந்த துணியை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? கிறிஸ்தவர்கள் வீட்டுக்கு ரோஸி போனாள். அவள் தேவனிடத்தில் செய்துகொண்ட பொருத்தனையும் அதே அளவு உண்மையானது. இரண்டாம் மாடி ஞானம்மாள் மட்டும் கிளியை உற்றுப் பார்த்து, "இது அந்த..." என்று ஆரம்பித்தாள். ரோஸி கையெடுத்துக் கும்பிட்டாள், அவ்வளவுதான். ஞானம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். திரையை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு குடேன். சமையக்கட்டு ஜன்னலும் காலியாத்தான் இருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. வைத்தீஸ்வரன் டார்ச் லைட், நோட்டுப் புத்தகம், பேனாவோடு புறப்பட்டார். வெள்ளத்துக்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு தேடுவது அந்தக் குடியிருப்பின் வழக்கம். அதனால் எந்தக் கதவும் அவருக்குத் திறக்கும்.

முதல் வீட்டில் பூந்தொட்டித் தட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னலில் கிளி. அவர் கண்கள் பளிச்சிட்டன. 'கிடைத்தது' என்று மனதுக்குள் சொல்லி, நோட்டில் வீட்டு எண்ணைக் குறித்து வட்டம் போட்டார். இரண்டாவது வீட்டிலும் கிளி. அங்கேயும் வட்டம். மூன்றாவது வீட்டில் வட்டம் போட்ட கை தயங்கியது. ஏழாவது வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பத்தாவது வீட்டில் இரண்டு கிளித் திரை; கொசுவைத் தேடவே மறந்துவிட்டார். கீழ்த்தளப் பின்வீட்டில் ரோஸி கதவைத் திறந்தபோது, உள்ளே எட்டிப் பார்த்து, "உங்க வீட்லயுமா?" என்று அலுப்போடு கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். கதவுக்குப் பின்னால் ஜீவிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கடைசியில் சொந்த வீட்டுக்குப் போனார். ஹாலில், அவருடைய சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே, எட்டுக் கிளிகள் ஒன்றரைக் கண்ணால் அவரைப் பரிசோதித்தன.

"மாமி வேண்டுதல்னு குடுத்தா. க்யூட்டா இருக்குல்ல மாமா?" என்றாள் மருமகள் மாளவிகா.

வைத்தீஸ்வரன் நேரே மாமி வீட்டுக்கு வந்தார். மாமி காபி கலந்து வைத்திருந்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் வண்டியில போனவன் நான்" என்றார். "ஒரு பெட்டியில இருக்கற அத்தனை பேரும் ஒரே சீட் நம்பரைக் காட்டினா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியலையே சார்."

"எல்லாருமா சேர்ந்து யாரையோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். யார் அந்தப் பொண்ணு?"

மாமி காபியை அவர் கையில் கொடுத்தாள். "கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணப்போறேள்?"

"பெத்தவங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லியாச்சு."

"போலீஸ்ல?"

"நேத்தே வந்துட்டுப் போயாச்சு. உங்களுக்கு வணக்கம்கூடச் சொன்னாளே, வாசல் கேட்ல, சுடிதார்ல."

வைத்தீஸ்வரனுக்குக் காபி புரையேறியது. "அப்போ... நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே மத்த பிள்ளைங்க ஜாக்கிரதையா இருக்கும்?"

மாமி இதுவரை விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவளால் முடியவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"சார், ஊரெல்லாம் அனுப்பிடுவேன்னு ஒருத்தன் அந்தக் குழந்தையை மிரட்டினான். அவனுக்கு நம்ம ஊர் எங்க இருக்குன்னே தெரியாது. அவனால முடியாததை நான் செஞ்சேன். வெண்டக்கா நறுக்கிண்டே, இந்தச் சுண்டுவிரலால. மீதியை நீங்க பூதக்கண்ணாடி வெச்சு முடிக்கப் பாத்தேள். நம்ம ரெண்டு பேருக்குமே மனசுல கெட்ட எண்ணம் இல்லை. ஆனா அந்தக் குழந்தை மூணு நாளா வெளியில வரலை."

வைத்தீஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். டிக்கெட் இல்லாதவன் முகத்தை ஆயிரம் தடவை பார்த்தவர். அந்த முகம் இப்போது தனக்கு வந்திருப்பது அவருக்கே தெரிந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

"உங்க போன்ல அந்தப் படம் இருக்கா?"

"இருக்கு. 'ஆதாரம்'னு தனியா ஃபோல்டர் போட்டு..."

"குழந்தைகளோட அந்த மாதிரிப் படத்தை வெச்சிருக்கறதே குற்றமாம். அனுப்பினதும்தான். எனக்கே இந்த வாரம்தான் தெரியும்."

சட்டம் என்றதும் அவர் விறைத்து நிமிர்ந்தார். போனை எடுத்தார். ஃபோல்டர் போயிற்று. "குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கு சார், அதுலயும் ஒரு மாசம் தங்குமாம்." குப்பைத் தொட்டியும் காலியாயிற்று. பிறகு டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க சார்?"

"இன்னும் இருபது வீடு இருக்கே. தெருவும் இருக்கு."

ஒரு பரிசோதகரைச் சரியான ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஒவ்வொரு கதவையும் இரண்டாவது தடவை தட்டினார். "வியாழக்கிழமை வந்த படம். நீங்களே அழிங்க. நான் பார்க்க மாட்டேன், திரும்பி நின்னுக்கறேன்" என்று சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நிற்பார். அழித்தாயிற்று என்ற குரல் கேட்டதும், "குப்பைத் தொட்டி?" என்பார். அதுவும் ஆனபின், "யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கும் போன் பண்ணி அழிக்கச் சொல்லுங்க. யார் அந்தப் பொண்ணுன்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது" என்பார். மூன்றாம் மாடி குமரவேல் மட்டும், "யாரா இருக்கும்னு ஒரு கெஸ் இருக்கு சார்" என்று இழுத்தான். "எனக்கு ஒரு கெஸ் இருக்கு, உன் பைக் நிக்கற இடத்தைப் பத்தி" என்றார் வைத்தீஸ்வரன். குமரவேல் அழித்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை மாமி பால்கனியில் நின்றாள். ஏழே முக்காலுக்குக் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. ஜீவிதா சீருடையில், பையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள். ரோஸி வாசலோடு நின்றுவிட்டாள். கூட வர வேண்டாமென்று மகள் சொல்லியிருந்தாள்.

கேட் அருகே வைத்தீஸ்வரன் நின்றிருந்தார். ஜீவிதாவின் நடை ஒரு கணம் தயங்கியது. வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகாத பெண், குனிந்த தலை, வாசலில் கண்ணைத் துடைக்கும் அம்மா. முப்பத்தைந்து வருடம் முகங்களைப் படித்தவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் பார்த்ததை மாமி மேலிருந்து பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. 

வைத்தீஸ்வரன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, உன் பஸ் போயிடுச்சே. இப்பத்தான் போச்சு. தினமும் லேட்டு. உங்க தலைமுறைக்கே நேரத்தோட கிளம்பத் தெரியாது" என்று கடுகடுத்தார். பிறகு ரோட்டில் இறங்கி, அந்தக் காலத்தில் ஓடும் ரயிலையே நிறுத்துகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார். தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"உள்ள இடமில்ல சார்" என்றான் டிரைவர்.

"பொண்ணுக்குப் பரீட்சை. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கம்மா."

பரீட்சை எதுவும் இல்லை. அவருக்கும் அது தெரியும். உள்ளே இருந்த இரண்டு பெண்கள் பூக்கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏறு கண்ணு" என்று நகர்ந்தார்கள். ஜீவிதா ஏறி உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தி, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். ஆட்டோ கிளம்பியது.